மாமாவுக்குச் சொன்ன செபம்

14-5-1966, சனி. மாரண்டஹள்ளி.

இவன், இவள், இது என்று சுட்டும் லத்தீன் சொற்களின் வாய்பாடு வராமல் தேர்வில் தோற்றேன். சாமியாராவதற்குப் படித்துக்கொண்டிருந்த குருமடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊரில் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தருமபுரியிலிருந்து சாமியார் வந்து சேரவில்லை.

"நீங்களே லத்தீன்ல ஒரு செபம் சொல்லுங்க தம்பி. அதைக் கேட்டுக்கிட்டே போவட்டும்" என்றாள் அத்தை.

பயத்தில் ஒரு செபமும் நாவில் வரவில்லை. அந்த வாய்பாடுதான் வந்தது. ஹிக், ஹேக், ஹோக். ஹுயுஸ், ஹுயுஸ், ஹுயுஸ். முழுதும் சொன்னேன். ஒரு பிழை இல்லை. மாமா "ஆமென்" என்றார். பிறகு பேசவேயில்லை.

அத்தை அழுதுகொண்டே என் கையை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். நாளை அடக்கத்துக்கு வரும் சாமியாரிடம் பெருமையாகச் சொல்லுவாள்.

அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.