புது வீட்டில் அடுப்பு

மருதாயிக்கு, பழனியாண்டி சொல்லச் சொல்ல, கூடக் காவல் நிற்கும் சுமன் எழுதுவது. நான் சுகம். உன் நெஞ்சுச் சளி குறைந்ததா?

இந்தக் கொழும்புக் கட்டடத்தில் ஆளில்லாத மண்டபத்திலும் ஏசி ஓடுகிறது. நடுக்கம் தாங்காமல் நிறுத்திவிட்டேன்.

"மலைத் தோட்டத்துக் குளிர்ல பொறந்த ஆளுக்கு இங்க குளிருதாக்கும்?" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

எங்கள் பழைய லயத்து வீட்டுக்குள் அடுப்பு எரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மூத்தவளை நீ பெற்ற ஆடி மழையில், கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை எரித்துத்தானே உங்கள் இருவரையும் காப்பாற்றினோம்? இப்போது தோட்டத்தில் கட்டிக்கொடுத்த புது வீட்டுச் சுவர் கருத்துவிடும் என்று உள்ளே அடுப்பு மூட்ட விடமாட்டார்களாமே.

என் பழைய கம்பளியை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. வேண்டாம், நீயே போர்த்திக்கொள். அடுப்பை உள்ளேயே மூட்டு. சுவர் கருத்தால் கருக்கட்டும், கேட்டால் என் பேரைச் சொல். டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.