வாழைமரம் கட்டிய சாய்தளம்

அன்புள்ள அக்கா,

நேரில் சொன்னால் சிரித்துவிடுவாய். அதனால் நீ எடுத்துவந்த புத்தகத்துக்குள் இதை வைக்கிறேன்.

நூலகத்துக்குச் சாய்தளம் வேண்டுமென்று நான்கு வருஷம் மனு எழுதியவள் நீ. இன்று திறப்பு விழாவுக்கென்று அதன் இரு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். உன் சக்கர நாற்காலி இடையில் நுழையவில்லை. "ரெண்டு பேரு சேந்து தூக்கிருதோம்மா" என்றார் காவலாளி. குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே நீ சொன்னாய்: "தூக்கணும்னா வாழையத் தூக்குங்க அண்ணாச்சி. நான் உருண்டு வந்துக்கிடுதேன்."

அவரே சிரித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். பின்னாலிருந்து தள்ளுவதற்கு நீண்ட என் கையை, நீ திரும்பிப் பார்த்ததும் இழுத்துக்கொண்டேன். நீ தனியாக ஏறியதைக் கீழே நின்று பார்த்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

இத்தனை வருஷமும் உன்னைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, உனக்கான புத்தகங்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். உன் மனம் நோகக் கூடாதென்று, யாரும் எங்கும் நடந்து போகாத கதைகளாகப் பார்த்து எடுத்தேன். நீயும் அத்தனையையும் படித்துத் திருப்பித் தந்தாய்.

இன்று அலமாரி அலமாரியாகத் தேடி நீ எடுத்தது, பனிமலை ஏறியவர்களின் அனுபவங்கள்.

முடித்ததும் எனக்குக் கொடு.

உன் தங்கை