இரண்டாவது தட்டு

கரோல் பாக், டில்லி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மாவின் ஆசிகள். உன் உடம்பும் மனசும் சிகாகோவில் நன்றாக இருக்க மலை மந்திர் முருகனை வேண்டிக்கொண்டு, கோயில் படியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதியே கை பழகிவிட்டது. இந்தத் தடவை நான் நலம் என்று மட்டும்தான் எழுத முடிகிறது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதனால் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன், யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, முதலில் ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நிதானமாக நீயே படி. போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு என்ன கடிதம் என்று கேட்பாய். இரண்டு அறை வீட்டில் நான் எதைப் பேசினாலும் அப்பா காதில் விழும், வாட்ஸ்அப்பும் அவர் போனில்தான் இருக்கிறது. ரோலுக்குப் பேஸ்ட்ரி ஷீட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முழுப் பொய் இல்லை, திரும்பும்போது ஐஎன்ஏ மார்க்கெட்டில் வாங்கத்தான் போகிறேன், ஐஸில் வைத்து விற்கிற மாவு, முதலில் வாங்கினால் நான் எழுதி முடிப்பதற்குள் உருகிவிடும்.

அந்த ஷீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீ அங்கே போன புதிதில், ஞாயிற்றுக்கிழமையாவது இட்லி தோசையை விட்டுவிட்டு ரெடிமேட் மாவில் ரோல் சுட்டுச் சாப்பிடுங்கள் என்று வீடியோவில் சொல்லிக்கொடுத்தாய். நான் அதையும் சப்பாத்தி மாவு என்று நினைத்து நன்றாகப் பிசைந்து, உருட்டி, பூரிக்கட்டையால் தேய்த்து வைத்தேன். அடுக்கடுக்காக எழும்ப வேண்டியது ஓடு மாதிரி வந்தது. அப்பா அதைக் காபியில் தோய்த்துத் தோய்த்து முழுசாகத் தின்றுவிட்டு, பேஷ், நன்னா இருக்கே என்றார். இந்த மனிதர் நன்றாக இருக்கிறது என்றால் அதை நம்பக் கூடாது என்று நாம் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அப்புறம் நீ திட்டித் திட்டி எனக்கும் கை வந்துவிட்டது. பத்து நிமிஷம் வெளியே வைத்து, முக்கோணமாக வெட்டி, முதல் நாள் உருளைக்கிழங்குக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டிவிடுவேன், முட்டைக்குப் பதில் மேலே பால் தடவுவது அப்பா டிபார்ட்மென்ட். நீ பள்ளிக்கூடத்தில் படம் வரைந்த பிரஷ்தான் இன்னும்.

மேகலா, ஐப்பசியிலிருந்து அப்பாவால் எதையும் விழுங்க முடியவில்லை. உணவுக்குழாயில் கட்டி. ரேடியேஷன் என்று கரண்ட் வைத்தார்கள், கீமோ ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. இப்போது வயிற்றில் ஒரு டியூப் போட்டு அதன் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும் போகிறது. குரல் ஏன் கம்முகிறது என்று நீ கேட்டபோது டில்லிப் புகை என்றோம், ஏன் வீடியோவில் வருவதில்லை என்று கேட்டபோது நெட் சரியில்லை என்றோம். ஞாயிறுதோறும் உனக்கு வரும் படத்தில் இரண்டு தட்டு இருக்கிறதே, அந்த இரண்டாவது தட்டு பொய். அன்றைக்கும் ஓவனைப் போடச் சொல்வார், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், வாசனை வந்தால் போதும் என்பார். வெளியே எடுத்ததும் தன் ரோலின் ஓரத்தை விரலால் பிய்த்துவிடுவார், கடித்த மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் படம், அதுவும் தன் கை விழாமல், அவ்வளவு மெலிந்துவிட்டது. போன வாரம் நீ இதயம் போட்டு, அப்பா முழுசும் சாப்பிட்டாரா என்று கேட்டாய். ஆமாம், இன்னொன்று கேட்டேன், உன் அம்மா தரவில்லை என்று அவரே பதில் போட்டார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த ரோலை நான்தான் தின்கிறேன், குப்பையில் போட மனசு வரவில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று கோபம் வரும். ஆடியில் நீதானே சொன்னாய், இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, புது விசா கைக்கு வரும்வரை அசையக் கூடாது என்று. அப்பா அதையே பிடித்துக்கொண்டுவிட்டார். பத்து வருஷம் அவள் பட்ட பாடு என்னால் வீணாகக் கூடாது என்று சொல்லி, உன் போட்டோமேல் என் கையை வைத்து, போனில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நான் போனில் சொல்லவில்லை, எழுதுகிறேன். நாற்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் அடுத்தவன் ஃபைலில் ஓட்டை கண்டுபிடித்தவர் இந்த ஓட்டையை விட்டுவிட்டார். ஆனாலும் உன்மேல் வைத்துச் செய்த சத்தியம், மீறினால் உனக்கு ஆகாது என்பார்கள். வருகிற பழி எனக்கே வரட்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் ஜ்யோத்ஸ்னா, உன் வயசுதான் இருக்கும், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆன்ட்டி, மகளை ஜல்தி வரச் சொல்லுங்கள், ஹோலி வரைக்கும் இருந்தால் பெரிசு என்றார். வா என்று எழுதப் பயமாக இருக்கிறது, வராதே என்று எழுதக் கை வரவில்லை. என் அப்பா போனபோது இங்கிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்ந்த நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, முப்பது வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

பாக்கெட்டில் ஆறு ரோலுக்கு மாவு வரும். போன தடவை நீ வந்திருந்தபோது ஆறையும் ஒரே டிரேயில் வைத்தோம், இப்போது ஞாயிறுக்கு இரண்டாக அது மூன்று வாரம் வருகிறது. இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு நீ பேசும்போது எதையும் காட்டிக்கொள்ளாதே, அழாதே. வருவதானால், அம்மா, அடுத்த வாரம் ஆறையும் வைத்துவிடு என்று மட்டும் சொல். இரண்டு பேருக்கு எதற்கு ஆறு என்று அப்பா பக்கத்திலிருந்து சிடுசிடுப்பார், சிடுசிடுக்கட்டும், எனக்குப் புரிந்துவிடும். வர வழியில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். வருத்தப்பட மாட்டேன் என்று எழுத மாட்டேன், ஆனால் உன்மேல் கோபம் வராது. நான் இரண்டை வைக்கிறேன், அப்பா படம் அனுப்புவார், நீ எப்போதும்போல இதயம் போடு, அதற்காகத்தான் அவர் சனிக்கிழமையிலிருந்தே காத்திருக்கிறார்.

கீழ்வீட்டுக் கோவிந்தம்மாளை அவருக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வந்தேன், நேரமாகிவிட்டது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. எந்தப் பழியும் அண்டாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். இன்னொன்று, இனிமேல் படம் வந்தால் இரண்டாவது தட்டைப் பெரிதாக்கிப் பார். ரோலில் பிய்ந்திருக்கும் ஓரத்தில் இருப்பது உன் அப்பாவின் விரல் தடம்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
உமாமகேஸ்வரி