சாமைக் கொல்லையில் பாடியது

ஜவ்வாது மலை,
20-7-1941

அன்புத் தோழி பிலோமினாளுக்கு,

நலம். உன் வீட்டுக்காரரும் நலமென்று நம்புகிறேன். நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் விட்டதும் சாமைக் கொல்லையில் களையெடுக்கும் பெண்களோடு நிற்கிறேன். அவர்களுக்கு மேளமில்லை, வாய்தான். கெங்கம்மாள் அப்போது தோன்றியதைப் பாட, மற்றவர்கள் ஆளுக்கொரு குரலில் பற்றிக்கொள்கிறார்கள். நேற்றுக் காட்டுக் காவலரைப் பாடினாள்:

‘தேனடை தொட்டாத் திருட்டுன்றான் கார்டு,
மீசையில வழியுறது இன்னா தேனுங்க?’

கொல்லையில் யாரையும் பாடலாம். வெளியே அதைப் பேசக்கூடாது. இது இவர்கள் கட்டுப்பாடு. நீ படித்ததும் கிழித்துவிடு.

ஜெயசெல்வி

28-7-1941

என் ஜெயாவுக்கு,

சிரிப்பு தாங்காமல் இவரிடம் வாசித்துக் காட்டினேன். இவர் கடிதத்தைத் தன் பாரஸ்ட் ஆபீசுக்கே கொண்டுபோய்விட்டார். குமாஸ்தாக்கள் எல்லாரும் சிரித்தார்களாம். ரேஞ்சர் மட்டும் கடிதத்தை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டாராம். உன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதாக இவர் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாதே, கண்ணு.

பிலோமினாள்

ஜவ்வாது மலை,
5-8-1941

பிலோமினாளுக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே காவலர் வந்துவிட்டார். கெங்கம்மாள் தேனும் புளியும் எடுக்கிற அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை. அவள் வீட்டில் சாமை ஆறு மாதத்துக்குத்தான் வரும். மீதி நாளுக்கு அந்தச் சீட்டுதான் சோறு.

பாட்டை வெளியே சொன்ன பழி, கூடக் களையெடுக்கும் முத்தம்மாள் மேல் விழுந்தது. போன வாரம் அவள் ஒருத்திதான் கீழே சந்தைக்கு இறங்கினாள். நேற்றுக் கெங்கம்மாள் பாடினாள்:

‘சந்தைக்குப் போனவ புளி வித்து வந்தாளா,
சங்கதி வித்து வந்தாளா?’

பாட்டுக்குப் பாட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். வாய் திறக்காதவள் குற்றவாளி. முத்தம்மாள் அழுதுகொண்டு நின்றாள்.

நாம் படித்தபோது வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே எனக்குக் குரல் வராது, உனக்குத் தெரியும். பாடினேன்:

‘முத்தம்மா இல்லீங்க, நான்தாங்க,
காயிதத்துல எழுதி வுட்ட கையி இதுதாங்க.’

யாரும் பின்பாட்டு எடுக்கவில்லை. கெங்கம்மாள்தான், “அதான் பாடிட்டாங்க இல்ல? இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, களையப் புடுங்குங்கடி” என்றாள்.

கொல்லையைவிட்டு வெளியே வந்த பிறகு ஒருத்தியும் என்னை ஏசவில்லை. ஏசக்கூடாது. மன்னித்தோம் என்று சொல்லவும் கூடாது.

வெள்ளிக்கிழமை நானும் இறங்குகிறேன். பாட்டை நானே கட்டினேன், வேடிக்கைக்காகக் கெங்கம்மாள் பெயரைப் போட்டேன் என்று ரேஞ்சரிடம் சொல்வேன். அவரிடம் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான். வேலை போகலாம். உன் வீட்டுக்காரர் அங்கே இருப்பார். என்னைக் காப்பாற்ற வாய் திறக்க வேண்டாமென்று சொல்.

திரும்பும்போது உன் தெருவழியாகத்தான் வர வேண்டும். கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்காதே.

ஜெயசெல்வி