மூச்சு விட இடமில்லாத பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

ஒத்திகைக் கூடத்தில் இன்று ஒன்றைக் கண்டுபிடித்தோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

‘வருவேன்’ பாட்டை முதன்முறையாக நின்றுகொண்டு, தொடக்கத்திலிருந்து கடைசி வரை பாடினேன். ஆமாம், முதன்முறையாக! ஆல்பம் வந்து பல மாதம் ஆகிறது. இந்த ஒரு பாட்டு ஓடிய ஓட்டத்தில்தான் இத்தனை நாடுகளுக்குக் கச்சேரிப் பயணமே ஏற்பாடாகியிருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவில் நான் அதைத் துண்டு துண்டாகத்தான் பாடினேன். ஒரு மதியம் இரண்டு வரி, மறுநாள் இன்னும் கொஞ்சம். இசையமைத்த என் தம்பி அதையெல்லாம் கணினியில் ஒட்டித் தைத்துவிட்டான். தையலே தெரியாது, அவ்வளவு சுத்தம்.

கடைசிச் சரணத்தில்தான் வில்லங்கம். “வருவேன் வருவேன் வருவேன், எந்தக் கதவு மூடினாலும் வருவேன், எந்தத் தெரு மறந்தாலும் வருவேன்” என்று நிற்காமல் மேலே ஏறும் வரி. ஒட்டும்போது இடைவெளி எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கிறான். முந்தைய வரியிலிருந்தே மூச்சு எடுக்க ஊசி முனை அளவு இடம் கிடையாது. பாடியபோது எனக்கும் தோன்றவில்லை, கேட்ட யாருக்கும் தோன்றவில்லை.

“எந்தத் தெரு” வரை போனேன். அதற்குமேல் காற்று இல்லை. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“என்னம்மா, பெட்ரோல் தீந்துடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மறுபடி பாடினேன். மறுபடி அதே தெருவில் நின்றேன். சாயங்காலம் ஆனபோது யாரும் சிரிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆல்பம் கம்பெனி “ஒரே மூச்சில் பாடிய வரி” என்று விளம்பரமே செய்துவிட்டது. அந்த வரியை மூச்சு விடாமல் பாடுவது இப்போது ஊர் உலகமெல்லாம் ஒரு போட்டி. பாடி முடிக்க முடியாமல் முகம் சிவந்து சிரிப்பவர்களின் வீடியோ தினமும் வருகிறது. அவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டுப் போகலாம். நான் மேடையில் நிற்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

முடியும். பழகினால் முடியும். முடியாமல் என்ன?

மார்ச் 9, திங்கள்

தம்பியோடு போனில் சண்டை.

“அந்த வரியில ஒரு சின்ன இடைவெளி போட்டுக் குடுடா, பொழச்சுப் போறேன்.”

“அக்கா, அங்க இடைவெளி விட்டா அது வேற பாட்டு. நிக்காம ஏறுறதுதான் அதோட உயிர்.”

“அதோட உயிர் சரி. என் உயிர்?”

அவன் அசைந்து கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவன். அவன் காதில் அந்த வரி எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கை வைக்கச் சொன்னால் குழந்தையின் காதை அறுக்கச் சொன்ன மாதிரி பதறுகிறான்.

நடுவில் சித்தப்பா வந்தார். அப்பா போனபிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர். இப்போது என் கச்சேரிகளைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். யார் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

“எதுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க? அந்த வரி வரும்போது ரெக்கார்டை ஓட விடுவோம். நீ வாயை மட்டும் அசை. அதுவும் உன் குரல்தானே?”

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் பயணம் தொடங்கப் போகிறது, டிக்கெட் எல்லாம் விற்றாயிற்று. முதல் சில ஊர்களுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். முதல் சில ஊர்களுக்கு மட்டும்!

மார்ச் 22, ஞாயிறு

நேற்று முதல் கச்சேரி. அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. மற்ற பாட்டெல்லாம் நானே பாடினேன், நன்றாகவே பாடினேன்.

‘வருவேன்’ கடைசிச் சரணம். மேடை ஓரத்தில் ஒலி மேஜையில் இருக்கும் பெண், நாங்கள் ‘காது’ என்றுதான் கூப்பிடுவோம், ரெக்கார்டைத் திறந்துவிட்டாள். என் குரல் எனக்கு மேலே போயிற்று. நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். முன் வரிசையில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நான் பாடுவதாக நினைத்து அழுதாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் விளக்கைப் பார்த்தேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

கடைசிக் கச்சேரி ஜூலையில். அதை உலகம் முழுக்க நேரலையில் காட்டப்போகிறார்கள். அன்றைக்கு இந்த வரியை என் தொண்டையால், அந்த இடத்தில், அந்த நேரத்தில் பாடுவேன். பாடாமல் ஊர் திரும்பமாட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் நீச்சல் குளத்தில் மூச்சடக்கிப் பழகுகிறேன். பிறகு ஹோட்டல் மாடிப்படியில் பாடிக்கொண்டே ஏறுகிறேன். மூன்றாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து, “எப்ப வருவீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் படாரென்று சாத்தினார். நம் ஊர்க்காரர் போலிருக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏண்டி, பாடப் போனியா, முத்துக் குளிக்கப் போனியா?” என்கிறாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

நேற்று மேடை ஏறும் முன் காதிடம் சொன்னேன், “இன்னிக்கு ரெக்கார்ட் வேண்டாம்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

தம் கட்டிப் பாடினேன். கதவைத் தாண்டினேன். தெருவையும் தாண்டினேன்! “மறந்தாலும்” என்ற இடத்தில் தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை. காது சட்டென்று ரெக்கார்டைத் திறந்து மானத்தைக் காப்பாற்றினாள். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை எழுந்தால் குரலே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்? இது போயிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?

ஏப்ரல் 18, சனி

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். வீக்கம். “இப்படியே இழுத்தீங்கன்னா உள்ள ரத்தம் கட்டிடும். அப்புறம் பாட்டை விடுங்க, பேசுறதே கஷ்டம்” என்றார். சில நாள் பேசவே கூடாது. இரண்டு கச்சேரி தள்ளிப்போகிறது.

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்ததும் என் தலையில் கை வைத்து, “அந்தப் பாட்டே வேண்டாம் கண்ணு, தூக்கிடலாம்” என்றார். தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். பேசத்தான் கூடாது. தலையை ஆட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

அம்மா இத்தனை வருஷம் சொல்லி நடக்காததை டாக்டர் ஒரே நாளில் நடத்திவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

மே 24, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மேடையில் என் இரண்டு காதும் அடைத்திருக்கும். இயர்போனில் வாத்தியமும் என் குரலும் மட்டும்தான் வரும். எதிரே அத்தனை ஆயிரம் பேர் பாடுவது தெரியும், வாய் அசையும், சத்தம் கேட்காது. நேற்று ஒரு சுற்றுச் சுற்றியபோது சட்டை ஜிகினாவில் இயர்போன் வயர் மாட்டி, இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அப்போதுதான் அந்த வரி. ரெக்கார்ட் ஓடுகிறது, நான் வாயை அசைக்க வேண்டும். ஆனால் முதன்முறையாகக் கூட்டத்தின் குரல் காதில் விழுகிறது.

முதல் “வருவேன்” இடி மாதிரி வந்தது. இரண்டாவது “வருவேன்” இல்லை. ரெக்கார்டில் இருக்கிறது, கூட்டத்தில் இல்லை. திடீரென்று அரங்கமே காலியான மாதிரி. மூன்றாவது “வருவேன்” மறுபடி இடி. அங்கிருந்து கதவு, தெரு, எல்லாவற்றையும் தாண்டி உச்சிவரை குறையாமல் போனார்கள்.

அந்த இரண்டாவதில் என்ன செய்தார்கள்? மூச்சு எடுத்தார்கள்! அத்தனை பேரும், ஒரே இடத்தில். யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. வீட்டில், பஸ்ஸில், குளியலறையில் பாடிப் பாடி அவரவர் தொண்டை கண்டுபிடித்த இடம். நானோ நீச்சல் குளத்தில் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

வாயை அசைக்கவே மறந்துவிட்டேன். நல்லவேளை, உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மே 31, ஞாயிறு

சந்தேகம் தீரவில்லை. இந்த ஊரில் வேறு பாஷை, பாட்டின் அர்த்தமே தெரியாமல் பாடுகிறவர்கள்தான் பாதிக்குமேல். வேண்டுமென்றே இயர்போனைக் கழற்றினேன். அதே இடம்! இரண்டாவதை விழுங்கிவிட்டு மூன்றாவதில் பாய்கிறார்கள். காதும் பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட்டுக் கேட்டுவிட்டு, “அட, எல்லா ஊர்லயும் இப்படித்தான் பாடியிருக்காங்க!” என்று வாயைப் பிளந்தாள்.

ஜூன் 7, ஞாயிறு

நேற்றுப் பாடினேன். ரெக்கார்ட் இல்லை. அவர்கள் எடுத்த இடத்தில் நானும் மூச்சு எடுத்தேன். உச்சி தானாக வந்தது, தொண்டையில் ஒரு கீறல் வலி இல்லை. இறங்கி வந்ததும் காதைக் கட்டிப்பிடித்து அழுதேன். இன்று காலையிலிருந்து காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 8, திங்கள்

சிரித்தது போதும். “மூச்சு விட்டுட்டாங்க, சாயம் வெளுத்துடுச்சு” என்று ஒரு கூட்டம் கைகொட்டுகிறது. அதைத் துடைத்துப் போட்டுவிடுவேன். தம்பி பேசியதைத்தான் முடியவில்லை.

“என் பாட்டை ரெண்டா ஒடச்சுட்ட அக்கா.”

“கேக்குறவங்க எல்லாரும் எப்பவோ ஒடச்சுட்டாங்கடா. எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது.”

“கூட்டத்தைக் கேட்டா நான் மெட்டுப் போடுறேன்? கடைசிக் கச்சேரிக்கு ஒரே மூச்சுன்னு சொல்லித்தான் விளம்பரம் போகுது. நானே வந்து மேஜையில உக்காருறேன். ரெக்கார்டை நானே போடுறேன்.”

போனை வைத்துவிட்டான். பாட்டு அவனுடையது, அந்த உரிமை அவனுக்கு உண்டு. தொண்டை என்னுடையது. சித்தப்பா இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். பாட்டை விடமாட்டேன். தம்பியையும் விட முடியாது. பார்ப்போம்.

ஜூலை 3, வெள்ளி

கடைசி ஊர். இன்று ஒரு கச்சேரி, நாளை நேரலைக் கச்சேரி. தம்பி மதியம் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வைத்தான்.

“இன்னிக்கு ஒருநாள் மேஜைக்குப் போகாத. கூட்டத்துல போய் நில்லு. நின்னு பாடு” என்றேன்.

“எனக்கெங்க பாட வருது?”

“அவங்களுக்கு மட்டும் வருதா? இத மட்டும் செய். நாளைக்கு மேஜை உன்னோடது. நீ என்ன போட்டாலும் உன்கிட்ட சண்டைக்கு வரமாட்டேன்.”

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. பேச்சு மாறக் கூடாது. தொப்பியை மாட்டிக்கொண்டு ரசிகர்கள் நுழையும் வாசல் வழியாகப் போனான்.

ஜூலை 4, சனி காலை

சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்தான். பரிமாற வந்தவரிடம் வெந்நீர் கேட்டபோதுதான் தெரிந்தது, தொண்டை கட்டியிருந்தது.

ஜூலை 5, ஞாயிறு

நேற்று அந்த வரி வரும்போது மேஜைப் பக்கம் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் அவன். கை ரெக்கார்ட் பட்டன்மேல். ஒன்று மட்டும் முடிவு செய்திருந்தேன். அவன் ரெக்கார்டைப் போட்டாலும் அந்த இடத்தில் என் வாய் மூடித்தான் இருக்கும். குரல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று உலகமே பார்க்கட்டும். சண்டைக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னேன், வாயை அசைப்பேன் என்று சொல்லவில்லை.

முதல் “வருவேன்” பாடினேன்.

மேஜையிலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி பேச ஒரு சின்ன மைக் உண்டு. இயர்போனில் கட்டின குரலில் தம்பி சொன்னான், “மூச்சு எடு அக்கா.”

எடுத்தேன். எதிரே இருந்த அத்தனை பேரும் எடுத்தார்கள். அப்புறம் மூன்றாவது “வருவேன்” நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடியது.

ஆகஸ்ட் 12, புதன்

தம்பியின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. நடு அறையில் நின்றுகொண்டு புது மெட்டைத் தானே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுருதி சுத்தமாக இல்லை. ஓர் இடத்தில் முகம் சிவந்து, இடுப்பில் கை வைத்து நின்றான்.

“இங்க முட்டுது. மாத்திட்டுக் குடுக்குறேன், உக்காரு” என்றான்.

நாளை ஒலிப்பதிவு. துண்டு துண்டாக வேண்டாமாம். முழுப் பாட்டையும் நின்றபடி ஒரே தடவையாகப் பாடச் சொல்லியிருக்கிறான்.