ஒரே தடவை கேட்கும் வீடு

டிஜோன்,
பிரான்ஸ், 16 செப்டம்பர் 1984

அன்புள்ள பாபாவுக்கு,

ஸலாம். நஜ்லா எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் ஹபீபா அத்தையும் நலம்தானே? பெண் போய்ப் பத்து நாளாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் புலம்பியிருப்பீர்கள். புலம்புங்கள், பரவாயில்லை. அந்த மும்முரத்தில் காப்ஸ் போகிறவருக்கு துனிஸ் டிக்கெட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லூரி அலுவலகம் பார்த்துக் கொடுத்த வீட்டில் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் முசே அர்மோன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் தெருவில் யாருக்கு என்ன கடிதம் வந்தது என்று தெரியாவிட்டால் அவருக்கு நிம்மதி இல்லை. மனைவி மதாம் லூசெத், ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர். நான் பன்றி சாப்பிடமாட்டேன் என்பதை நான் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்திருந்தார். ஐயாவை முசே, அம்மாவை மதாம் என்று கூப்பிடுகிறேன். இருவருமே நல்ல மனிதர்கள்.

எல்லாவற்றுக்கும் இங்கே நேரம் உண்டு. ஏழு மணிக்கு ஜன்னல் பலகைகளைச் சாத்த வேண்டும். ஏழரைக்குச் சாப்பாடு, எட்டு மணிச் செய்திக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். வாய் துடைக்க ஒரு துணி, அதைச் சுருட்டிச் செருக ஒரு மர வளையம். என் வளையத்தில் முசே தன் கையாலேயே என் பெயரைச் செதுக்கியிருக்கிறார்.

ஒரே ஒரு குறை. முதல் நாள் மதாம் அடுப்பிலிருந்து ஒரு முழுக் கோழியை எடுத்துக்கொண்டு வந்தார். வாசனையிலேயே எனக்குக் கண் சொருகியது. "கோழி வைக்கட்டுமாம்மா?" என்றார். "வேண்டாம் மதாம், பசியில்ல" என்று சொல்லிவிட்டு, முறைப்படி தலையைக் குனிந்து காத்திருந்தேன். நிமிர்ந்தால் பாத்திரம் முசேயிடம் போய்விட்டது. அவ்வளவுதான், பாபா. இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். சூப்பும் ரொட்டியும் மட்டும் கேட்காமல் கிடைக்கின்றன. மதியம் கல்லூரிக் கேண்டீனில் யாரும் எதுவும் கேட்பதில்லை, தட்டில் கொட்டிவிடுகிறார்கள். அதனால் உயிரோடு இருக்கிறேன்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறது. நவம்பர் முதல் தேதி விடுமுறை வரைக்கும் பார்ப்பது, சரிப்படாவிட்டால் ஊர் திரும்பி ஆசிரியர் பயிற்சியில் சேர்வது. சரிப்படும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இந்தப் படிப்பு வேண்டும், பாபா.

உங்கள் அன்பு மகள்,
நஜ்லா

*

ஸ்ஃபாக்ஸ்,
துனிசியா, 25 செப்டம்பர் 1984

என் செல்ல மகள் நஜ்லாவுக்கு,

ஆயிரம் ஸலாம். உன் கடிதத்தை ஸ்டேஷனிலேயே பிரித்துப் படித்தேன். கவுண்ட்டரில் ஆறு பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்ன ஜனங்கள் அவர்கள்? நம் வீட்டில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனையே மூன்று தடவை கேட்காமல் அனுப்பியது உண்டா? அவன் வேண்டாம் என்பான், நாம் உட்கார் என்போம். அவன் அவசரம் என்பான், நாம் தட்டை வைப்போம். அப்புறம் அவன் கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இரண்டு தட்டு சாப்பிடுவான். மனிதருக்கு மனிதர் செய்கிற மரியாதை அது. இருநூறு பிள்ளைகளுக்குப் போட்டாளாம் அந்த அம்மாள். எப்படிப் போட்டாளோ, அந்தப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

உன் அத்தைக்கு வாசித்துக் காட்டியது என் தப்பு. "அண்ணே, அவங்க கருமின்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. அப்போது அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சு சரி என்று படுகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீயாக வாய்விட்டு எதையும் கேட்காதே. முதல் தடவையே சரி என்று தலையாட்டிவிடாதே. மஸ்மூதி வீட்டுப் பெண் சோற்றைக் கண்டதில்லையா என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. உன் அம்மா, கடவுள் அவள் ஆன்மாவுக்கு அருள் செய்யட்டும், உன்னை அப்படி வளர்க்கவில்லை.

இதற்கு ஒரு வழிதான் உண்டு. ஒப்பந்தமெல்லாம் கிடக்கட்டும், நீ வீட்டுக்கு வந்துவிடேன். ஆசிரியர் பயிற்சியில் உனக்கு இன்னும் இடம் வைத்திருக்கிறார்கள்.

உன் பாபா,
தாஹர் மஸ்மூதி

*

டிஜோன்,
3 அக்டோபர் 1984

அன்புள்ள பாபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபிக்காதீர்கள், நான் வரவில்லை.

கல்லூரியில் என்ன நடக்கிறது தெரியுமா? போன வாரம் தயிரில் ஒரு சொட்டு எடுத்து நுண்நோக்கியில் வைத்தார்கள். உள்ளே ஒரு ஊரே நடமாடுகிறது. என்ன தெரிகிறது என்று வாத்தியார் கேட்டபோது நான் சொன்ன பதிலை அப்படியே கரும்பலகையில் எழுதினார். உணவைச் சோதிக்கத்தான் படிக்கிறேன். வீட்டில் உணவுதான் என்னைச் சோதிக்கிறது.

இப்போதெல்லாம் மதாம் தினம் ஒரு புது வகை சமைக்கிறார். மீன், காளான் ஆம்லெட், ஆட்டுக்காலும் வெள்ளைப் பயறும். கேட்கும்போது என் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். நான் வேண்டாம் என்றதும் பாத்திரத்தை முன்னைவிட வேகமாக எடுத்துக்கொண்டு போகிறார். காட்டிக் காட்டி எடுத்துப் போவதில் அவருக்கு என்ன சந்தோஷமோ. திங்கட்கிழமை, "உனக்கு என்னதான்மா பிடிக்கும்?" என்று கேட்டார். "எல்லாமே பிடிக்கும் மதாம்" என்றேன். அதற்கு ஒரு மாதிரி சிரித்துவிட்டு உள்ளே போனார். முன்போல் என்னோடு பேசுவதும் இல்லை. என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

பாவாடை இடுப்பில் நிற்க மறுக்கிறது. ஊக்கு குத்திச் சமாளிக்கிறேன். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
நஜ்லா

*

ஸ்ஃபாக்ஸ்,
11 அக்டோபர் 1984

என் மகள் நஜ்லாவுக்கு,

ஸலாம். ஊக்கு என்ற இடத்தோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. அன்று நிஜமாகவே ஒருவருக்குத் தப்பான ஊருக்கு டிக்கெட் கொடுத்தேன். அவர் மஹ்தியாவில் இறங்கி எனக்குப் போன் செய்தார். சத்தமாகவே செய்தார்.

மார்செயிலிருந்து நவம்பர் 3 சனிக்கிழமை கிளம்பும் கப்பலில் உனக்குப் படுக்கை பதிவு செய்திருக்கிறேன். துனிஸ் துறைமுகத்தில் நானே வந்து நிற்பேன். மறுத்து எழுதாதே. இதைத் தகப்பனாகக் கேட்கிறேன், வா அம்மா. படிப்பு எங்கேயும் உண்டு. நீ ஒருத்திதான் எனக்கு.

ஸ்டேஷன் மன்சூரின் மகன் ஸலீம் லியோனுக்குப் போகிறான். உன் வீட்டுக்கு வந்து ஒரு டப்பா கொடுப்பான். உள்ளே அத்தை சுட்ட மக்ரூத், பேரீச்சை நிறைய வைத்து, தேனில் முக்கி எடுத்தது. "அண்ணே, அந்தக் கருமிங்க கண்ணுல காட்டாம அறைக்குள்ள வச்சுத் தின்னச் சொல்லு" என்கிறாள். அப்படியெல்லாம் செய்யாதே. முதலில் அவர்களுக்குக் கொடு. நாம் யார் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் பாபா,
தாஹர்

*

டிஜோன்,
21 அக்டோபர் 1984

அன்புள்ள பாபாவுக்கு,

ஸலாம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கவுண்ட்டரில் ஆள் இருந்தால் முதலில் அவரை அனுப்பிவிடுங்கள்.

வியாழக்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்ததும் மதாம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். "காலேஜ் ஆபீஸ்ல சொல்லிட்டேன்மா. இந்த மாசக் கடைசியில உனக்கு வேற வீடு பார்த்துக் கொடுப்பாங்க. என் வீட்டுல உனக்குச் சரிப்படல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. அறைக்குப் போய் அழுதேன். சரி, அந்தக் கப்பலிலேயே போய்விடுவோம் என்று பெட்டியைக்கூட இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஸலீம் டப்பா கொண்டுவந்தான். நேற்று மத்தியானம் மதாமும் முசேயும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மக்ரூத்தைத் தட்டில் அடுக்கி எடுத்துப் போனேன். மதாம் ஒன்று எடுத்துக்கொண்டார். முசேயிடம் நீட்டினேன்.

"வேண்டாம்மா, என் பல்லுக்கு ஆகாது."

"ஒண்ணே ஒண்ணு முசே. எங்க அத்தை சுட்டது."

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்மா."

"கடல் தாண்டி வந்திருக்கு முசே."

"அட, நெஜமாவே வேண்டாம்மா."

நான் என்ன செய்வேன், பாபா? நம் வீட்டில் செய்வதைத்தான் செய்தேன். ஒன்றை எடுத்து அவர் தட்டிலேயே வைத்துவிட்டேன். மனிதர் பெருமூச்சு விட்டுக் கடித்தார். அத்தை தேனை எந்தப் பதத்தில் காய்ச்சினாளோ தெரியாது, இழுத்த இழுப்பில் மேல் பல்வரிசை முழுதும் மக்ரூத்தோடு கையில் வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு எத்தனை தடவைதான் சொல்றது?" என்று பல்லில்லாத வாயால் மதாமிடம் முறையிட்டார்.

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. "மூணு தடவை சொல்லிட்டு வாயை இறுக்கி மூடிக்கணும் முசே. எங்க ஊர்ல முதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது வெட்கத்துக்கு. அதுக்கும் மேல சொன்னாத்தான் யோசிப்போம்" என்றேன்.

மதாம் கோப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்போ நீ என்கிட்ட சொன்ன வேண்டாமெல்லாம்?"

"அதெல்லாம் முதல் வேண்டாம் மதாம்."

"அந்தக் கோழி?"

"ரொம்ப வேணும்னு இருந்துச்சு மதாம்."

"மீனு? காளான் ஆம்லெட்டு? ஆட்டுக்கால்?"

"ஆட்டுக்காலைக் கனவுலகூடப் பார்த்தேன்."

அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை, இரண்டும்தான். "இருநூறு பிள்ளைங்களுக்குப் போட்ட கை இது. ஒரு பிள்ளை தட்டை ஒதுக்கினா எனக்கு அன்னிக்குத் தூக்கம் வராது. என் சொந்த மேசையில ஒருத்திய ஆறு வாரம் பட்டினி போட்டிருக்கேன். நான் சமைக்கிறது உனக்கு வாயில வைக்க முடியலன்னுல்ல நெனச்சேன்" என்றார். வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி கேட்டால் அவர் சொல்லை மதிக்காத மாதிரியாம் இங்கே. ஒரு தடவை கேட்பதுதான் மரியாதையாம். அதனால்தான் அவர் வாயை அடக்கிக்கொண்டு பாத்திரத்தை எடுத்துப் போயிருக்கிறார்.

முசே பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு வந்தார். "ஆறு வாரமா இவ பங்கையும் நான்தான் தின்னேன். என்னை யாராவது கேட்டீங்களா? பாரு, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்" என்றார்.

மதாம் சாயங்காலம்வரைகூடக் காத்திருக்கவில்லை. முந்தின நாள் மிச்சத்தை அப்போதே சூடு பண்ணினார். "வைக்கட்டுமா?" என்றார். "சரி மதாம்" என்று முதல் தடவையே சொன்னேன். காது இரண்டும் சுட்டது, பாபா, உங்கள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவரோ நம் முறையைக் கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று தடவை கேட்டார். நானும் அவர் முறைப்படி மூன்று தடவையும் சரி என்றேன். மூச்சு முட்டிவிட்டது.

நாளைக் காலையில் மதாம் காலேஜ் ஆபீசுக்குப் போய், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார். இந்த வீட்டிலேயே இருந்து படிப்பை முடிக்க எனக்கு ஆசை. ஆனால் நீங்கள் கப்பலில் இடம் போட்டுவிட்டீர்கள். உங்களை மனம் நோகவைத்துவிட்டு இங்கே உட்கார்ந்து என்னால் எதையும் விழுங்க முடியாது. பெட்டி இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடி இருக்கிறது. உங்கள் பதில் வந்த பிறகுதான் அதை மேலே ஏற்றுவதா, துணியை உள்ளே வைப்பதா என்று தெரியும்.

உங்கள் அன்பு மகள்,
நஜ்லா

*

ஸ்ஃபாக்ஸ்,
27 அக்டோபர் 1984

என் உயிர் மகள் நஜ்லாவுக்கு,

ஸலாம். விரைவுத் தபாலில் போடுகிறேன். புதன்கிழமைக்குள் சேரும் என்று தபால் ஆபீஸில் சத்தியம் செய்திருக்கிறார்கள். பல்வரிசை கையோடு வந்த இடத்தை உன் அத்தைக்கு இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. அந்த மனிதருக்குத் தேன் இல்லாமல் தனியாக ஒரு டப்பா சுடப்போகிறாளாம். இனி அவள் வாயிலிருந்து கருமி என்ற பேச்சு வராது.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். எழுபத்தொன்றில் ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். மரியாதைக்கு, "வாங்களேன், வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்" என்றேன். மனிதர், "ரொம்ப சந்தோஷம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் நாலு முட்டைதான் இருந்தது. உன் அம்மா அடுத்த வீட்டிலிருந்து தக்காளி வாங்கிச் சமாளித்தாள். அவரை வெட்கங்கெட்ட மனிதர் என்று பதின்மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பாவம், நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். நேற்று அதை நினைத்துக் கவுண்ட்டரில் தனியாகச் சிரித்தேன். அப்புறம், முதல் தடவை தலையாட்டாதே என்று உனக்கு எழுதியவனும் நான்தானே என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் பட்டினி கிடந்ததற்கு அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

அத்தை அவள் வீட்டுக்குப் போய்விட்டால் இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ரேடியோவைக் காலையிலேயே போட்டுவிடுகிறேன். தேநீர் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் போடவருகிறது. மதாமுக்கும் முசேக்கும் என் ஸலாம் சொல்லு. அவர்கள் கேட்டால் தயங்காமல் சரி என்று சொல்லிச் சாப்பிடு. உன் பாபாவின் அனுமதி என்று வைத்துக்கொள்.

உன்னை வா என்று இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை வரவில்லை என்றாய், இரண்டாவது தடவை அங்கேயே இருக்க ஆசை என்றாய், அதுவும் வேண்டாம்தான். இன்னும் ஒரு தடவை நான் கேட்டால் நீ வந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. கப்பலில் உன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

உன் பாபா,
தாஹர் மஸ்மூதி