கிணற்றின் மேல் கிடந்த தகரம்

மாமா,

இன்று காலை கிணற்றுக் கப்பி கிரீச்சிட்ட சத்தத்தில்தான் கண் விழித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். கப்பிக்கு எண்ணெய் போட நான் கிளம்பும்போதெல்லாம் நீங்கள் தடுப்பீர்கள். "விடுங்க மருமகன், அது கத்தினாத்தானே மாமிக்கு ஒரு நன்மை சேருதுன்னு எனக்குத் தெரியும்." இன்றுவரை எண்ணெய் போடவில்லை. தெருவே என்னைத் திட்டுகிறது.

மாமி மௌத்தான பிறகு அவர் பெயரில் ஊருக்குச் சதக்காவாக, தருமமாக, நீங்கள் வெட்டிய கிணறு. நம் கலேவெல ஊரின் கோடையில் மற்றக் கிணறுகள் அடி தெரிந்தபோதும் அது கைவிடவில்லை. அந்தப் பெருமையில் நீங்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தீர்கள், பொய் சொல்வானேன்.

பிறகு உங்கள் மகளுக்கு, என் ரிஸ்னாவுக்கு, கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் பழுது என்று கேட்டால் நம் பக்கத்து ஆட்கள் வேறென்ன சொல்வார்கள்? வறண்ட பக்கத்துச் சிறுநீரக நோய்க்கெல்லாம் சொல்வதுபோலக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். அன்று பின்னேரமே நீங்கள் கயிற்றை அவிழ்த்து, கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல்லை வைத்தீர்கள். "என்ட புள்ளைக்கு நானே நஞ்சு குடுத்திருக்கேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும்போதுகூடக் கிணற்றைப் பார்க்காமல் சுற்றுவழியாகப் போனீர்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் என் வேலையை "நோய்க்கு நம்பர் போடுற உத்தியோகம்" என்று கேலி செய்வீர்கள். வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளியின் டிக்கட்டையும், அதாவது வார்டில் எழுதிய நோய்க்குறிப்பையும், படித்து, மருத்துவர் எழுதிய நோய்க்குரிய குறியீட்டை இடுவதுதான் அது. ரிஸ்னாவின் டிக்கட்டும் என் மேசைக்கே வந்தது. நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மட்டும் இருந்தது. காரணம் குறிப்பிடப்படவில்லை என்பதற்கும் ஒரு குறியீடு உண்டு, போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். எனக்குக் கை ஓடவில்லை. டிக்கட்டோடு வார்டுக்கு ஏறினேன்.

"எதனாலன்னு எழுதித் தாங்க, டொக்டர்."

"தெரியாததை நான் எழுதக்கூடாது. நான் எழுதாததை நீங்களும் போடக்கூடாது" என்றார் அந்த அம்மையார். "கண்டியில ஊசி போட்டு எடுத்த சிறுநீரகத் துணுக்கோட ரிப்போட் வரட்டும்."

அது வரும்வரை உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வந்தது. நாட்பட்ட சிறுநீரக அழற்சி. நோயோடு சண்டை போடவேண்டிய உடம்பின் காவலே, சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ச் சண்டை போட்டிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரால் வந்ததல்ல, மருந்தால் அடக்கலாம் என்று சொல்லிக்கொண்டே டொக்டர் எழுதினார். கீழே வந்து சரியான குறியீட்டை இட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்களா நம்புகிற ஆள்? "என்ட மனசு ஆறட்டும்னு சொல்றீங்க." உங்களை டொக்டரிடமே கூட்டிப்போனேன். சிங்களத்தில் ஒருமுறை கேட்டீர்கள். பதில் மாறுமோ என்று அதையே தமிழிலும் கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டு இரண்டிலும் சொன்னார். அதோடு விட்டீர்களா? சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டுத் தண்ணீரையும் பரிசோதிக்க வைத்தீர்கள். குறையில்லை என்று தெரிந்த பிறகே தகரத்தைத் தூக்கினீர்கள். முதல் வாளியை மகளிடம் நீட்டினீர்கள். அவள் குடித்துவிட்டு, "இனிக்குது வாப்பா" என்றாள். நீங்கள் அப்படியே கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதீர்கள்.

அடுத்த நோன்பு கழிந்து, உறக்கத்திலேயே போய்விட்டீர்கள். மனசில் பாரமில்லாமல் போனீர்கள், அல்ஹம்துலில்லாஹ். ரிஸ்னா மருந்தோடு நன்றாக இருக்கிறாள், உப்பைக் குறை என்றால் மட்டும் உங்களைப் போலவே முறைக்கிறாள்.

இப்போதும் வெறுமனே சிறுநீரக நோய் என்று எழுதிய டிக்கட் வந்தால் நான் படியேறி வார்டுக்குப் போகிறேன். "வந்துட்டார்யா" என்று டொக்டர்மார் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும் மாமா. எந்த வீட்டில் எந்த வாப்பா கிணற்றை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?